மலை கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நல்ல ஷூ, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்கு ஆட்களை அழைத்துப் போகிற வேலையில் நான் பார்ப்பது வேறு. எங்களைப் போன்றவர்கள் ஒரு காலத்தில் செய்ததையே புதிதாக வருகிறவர்களும் அச்சு அசலாகச் செய்கிறார்கள்.

பர்மிட் ஒரு பக்கம், அறை இன்னொரு பக்கம்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வரும். பிவிண்டியில் மலையேற்றம் தொடங்கும் இடங்கள் நான்கு: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, தென்மேற்கே நுகுரிங்கோ. கொரில்லா பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டை, அதாவது பர்மிட்டை, மொத்தக் காட்டுக்கும் பொதுவாகத் தருவதில்லை. இன்ன தேதி, இந்த நான்கில் இன்ன செக்டார் (பகுதி) என்று குறித்துத்தான் வரும். காடோ சுமார் 330 சதுர கிலோமீட்டர்; மேப்பில் உள்ளங்கை அளவு. எங்கே தங்கினால் என்ன என்று படத்தைப் பார்த்து லாட்ஜைப் போட்டுவிடுகிறார்கள். புஹோமாவிலிருந்து நுகுரிங்கோவுக்குக் காட்டுக்குள் நடந்தே போகலாம், பாதை இருக்கிறது. காரில் போக வேண்டுமென்றால் மண் சாலையில் மலை மலையாக வளைந்து, மணிக்கணக்கில் சுற்ற வேண்டும்.

ருஷாகாவில் ஒரு நாள் காலை ஒரு தம்பதி, கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, கையுறை மாட்டி, எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். ரேஞ்சர் பாஸ்போர்ட்டையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். புஹோமா. அங்கேயும் அதே நேரம்தான் மலையேறுவதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டம். "டிரைவர் வேகமாகப் போவாரே" என்றார் கணவர். டிரைவர் தரையைப் பார்த்தார். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் 8 பேர்தான் என்பதால், இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. பர்மிட் ஆளுக்கு 800 டாலர். பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. அந்தம்மா ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

பாதித் தப்பு அந்த ஏஜென்டுடையது. "பிவிண்டி, கொரில்லா பர்மிட் ஒன்று" என்று மட்டும் எழுதி அனுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். முதலில் பர்மிட், அதில் உள்ள செக்டாரைப் பார்த்து அறை, அதற்கப்புறம்தான் விமானம். ருஷாகா, நுகுரிங்கோ என்றால் ருவாண்டாவின் கிகாலியில் இறங்குவது கிட்டம். புஹோமா என்றால் உகாண்டாவின் எண்டெபே விமான நிலையத்திலிருந்து பக்கத்தில் உள்ள கிஹிஹிக்குச் சிறிய விமானம் உண்டு. ருவாண்டாவில் பர்மிட் 1500 டாலர். ஆனால் எல்லாரும் கினிகி என்ற ஒரே இடத்தில்தான் கூடுவார்கள். அந்தக் கூடுதல் காசுக்கு இந்தச் செக்டார் தலைவலி இல்லை.

மலையேறும் அன்றைக்கே மாலை விமானம்

போடாதீர்கள். கொரில்லா நம் டிக்கெட்டைப் பார்த்து மேய்வதில்லை.

இருமலை மறைப்பது

பணம் போய்விடுமே என்று மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் ருவாண்டாவில் ஹிர்வா என்ற குடும்பத்தில் சளிக்காய்ச்சல் பரவியது. ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் செத்துப்போயின. அவற்றின் உடலில் இருந்தது மனிதர்களுக்கு வரும் வைரஸ். 2015-16, 2018 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் உலகத்தில் மலை கொரில்லாக்களே 1063தான். முகக்கவசமும் பத்து மீட்டர் இடைவெளியும் இதற்காகத்தான். குட்டி ஆசையாகக் கிட்டே வந்தாலும் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்.

ஜூலையில் மழை வராது என்று நம்புவது

வரும்.

கேமராவை ஆட்டோ மோடிலேயே விடுவது

இருட்டுக் காடு, கறுப்பு ரோமம். கேமரா குழம்பி வெளிச்சத்தை ஏற்றிவிடும், முதுகு சாம்பல் பூசியதுபோல வெளுத்து வரும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷை அறையிலேயே அணைத்துவிட்டு வாருங்கள். பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். அங்கே போய் மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

போர்ட்டர் வேண்டாம் என்பது

"பை கனமில்லை, நானே தூக்குவேன்" என்பார்கள். பைக்காக அல்ல, உங்களுக்காகத்தான் போர்ட்டர். பாதை இல்லாத சரிவில் இலையும் சேறும் சேர்ந்து வழுக்கும்போது கையைப் பிடித்து மேலே இழுப்பவர் அவர்தான். பெரும்பாலும் காட்டோரக் கிராமத்துக்காரர்கள், காட்டால் கிடைக்கும் வருமானம் நேராக வீட்டுக்குப் போவது இப்படித்தான். கூலிக்கும் டிப்ஸுக்கும் சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலரை நீட்டினால் அந்த மலையில் சில்லறைக்கு எங்கே போவார்?