ஊசி போட்ட கையே அதை அப்புறப்படுத்தட்டும்

ஆறு வருடம் முன்பு, எங்கள் பல் கிளினிக்கைப் பெருக்கும் அக்கா நிரம்பி வழிந்த குப்பைக்கூடையை அமுக்கினார். சட்டென்று கையை உதறினார். பஞ்சுக்கும் கிளவுசுக்கும் நடுவில் ஓர் ஊசி. அன்று அவசரத்தில் அதை அங்கே போட்டது நான்தான். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் 28 நாள் எச்ஐவி தடுப்பு மாத்திரை சாப்பிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பேரனைத் தூக்கவே பயந்தார்.

அன்றிலிருந்து கழிவைப் பிரிக்கிற வேலை எங்களுக்கு நாற்காலி பக்கத்திலேயே முடிந்துவிடும். சாயங்காலம் மொத்தமாகப் பிரிக்கலாம் என்று விட்டால் யாராவது குத்துப்படுவார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டதும் என்ன செய்வது? மூடியை இன்னொரு கையில் பிடித்து மாட்டாதீர்கள். மூடி தட்டிலேயே கிடக்கட்டும், ஊசியை அதற்குள் ஒரே கையால் நுழைத்துவிடுங்கள். அப்புறம் ஊசி வெட்டும் கட்டரில் வெட்டினால் ஊசி வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்சு சிவப்புப் பைக்கு. லிக்னோகைன் என்கிற மரத்துப்போக வைக்கும் மருந்தின் கண்ணாடிக் குப்பி தீர்ந்ததும் நீல டப்பாவுக்கு. ஒரே ஊசி மூன்று இடத்துக்குப் பிரிகிறது, அதனால்தான் இங்கே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பல் வேரைச் சுத்தம் செய்யும் ரீமர், ஃபைல், அப்புறம் பிளேடு, பல் கிளிப் கம்பித் துண்டு எல்லாமே வெள்ளைதான். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிடுங்கள். மறுபடி திறந்து வேறு டப்பாவில் கொட்டவே வேண்டாம்.

ரத்தம் பட்ட பஞ்சு, காஸ், பிடுங்கிய பல் மஞ்சள் பைக்கு. கிளவுஸ், எச்சில் உறிஞ்சும் குழாய் சிவப்புக்கு. டீ கப்பும் மருந்து அட்டையும் சாதாரணக் குப்பை.

பிடுங்கிய பல்லில் வெள்ளி அடைப்பு இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். அதில் பாதரசம் இருக்கிறது. மஞ்சள் பை எரியூட்டிக்குத்தான் போகும். சூட்டில் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். அப்படிப்பட்ட பல்லையும் அடைப்புத் துகளையும் இறுக்க மூடும் டப்பாவில் தனியாகச் சேர்த்துவையுங்கள். சிங்க்கில் கழுவி விடவே கூடாது.

"ஒரே ஒரு நாற்காலி கிளினிக்தானே, அனுமதி எதற்கு?" என்று இளம் டாக்டர்கள் கேட்கிறார்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி நமக்கும் வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு ஒருமுறை வாங்கினால் போதும். மருத்துவக் கழிவை வாங்கிப்போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய வண்டியோடு ஒப்பந்தம் போடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைக் கிளினிக்கில் வைத்திருக்கக் கூடாது என்பதால், வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பதிவேட்டை 5 வருடம் பத்திரப்படுத்துங்கள், ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிகவும் நல்லது; 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை டாக்டர் மட்டும் போட்டுக்கொண்டால் போதாது. குப்பையைத் தொடுகிற எல்லாருக்கும் மூன்று டோஸும் வேண்டும். எங்கள் அக்காவுக்கு முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இரண்டாவது டோஸ் வருகிற செவ்வாய்க்கிழமை.