தீர்ப்பு நகலுக்கு முன் பள்ளிக்கூடப் பதிவேடு

நான் வக்கீல் இல்லை. மதுரையில் ஒரு வக்கீலிடம் இருபது வருடமாகக் குமாஸ்தா. "பையனுக்குப் பத்து வருஷம் போட்டுட்டாங்கய்யா" என்று வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, சம்பவம் என்றைக்கு நடந்தது, பையன் ஒன்றாம் வகுப்பு எங்கே படித்தான் என்பதுதான்.

வயதைச் சம்பவத் தேதியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கைதான நாளை வைத்து அல்ல. அன்று 18 நிரம்பவில்லை என்றால், 2015 இளைஞர் நீதிச் சட்டம் 9ஆம் பிரிவின்படி எந்தக் கோர்ட்டிலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, அதைச் சொல்லலாம். நிரூபித்துவிட்டால் போட்ட தண்டனை செல்லாது. பையன், 18 நிரம்பாதவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். 1994இல் நடந்த ஒரு கொலைக்குத் தூக்கு விதிக்கப்பட்டவரை, அப்போது அவருக்கு 14 வயதுதான் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் சிறையிலேயே 25 வருடம் போய்விட்டது.

ஆதாரத்துக்கு வரிசை உண்டு. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் எலும்புச் சோதனை. அதில் ஒன்றிரண்டு வருடம் முன்பின் வரும் என்பதால் நாங்களாக அதைக் கேட்பதே இல்லை. இந்த வரிசையில் ஆதார் அட்டை கிடையாது.

டிசி மட்டும் போதாது. சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையே தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். ஒருமுறை அப்படி வாங்கப் போனபோது பிறந்த தேதியில் 5 என்பதை 6 ஆக்கி மேலெழுதியிருந்தார்கள். மை நிறமே வேறு. அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் தம்பியின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து, இருவருக்கும் உள்ள இடைவெளியைக் காட்டித்தான் சமாளித்தோம்.

மேல்முறையீட்டுக்குக் கெடு: செஷன்ஸ் கோர்ட் போட்ட தண்டனை என்றால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள், குழுமத்தின் உத்தரவு என்றால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு 30 நாள். தாண்டிவிட்டால் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனு போடலாம்.

16 முடிந்த பையன் மேல் கொடுங்குற்ற வழக்கு என்றால், பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பீடு செய்யும். அந்த உத்தரவை எதிர்த்தே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விசாரித்தாலும் தூக்கோ, விடுதலைக்கே வழியில்லாத ஆயுளோ விதிக்க முடியாது.

பணமில்லையா? காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம், 15100க்குக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும்: வக்காலத்தில் வயதைப் பையனிடம் கேட்டு எழுதாதீர்கள். மீசை முளைத்த பெருமையில் பத்தொன்பது என்பான்.