பழைய ஸ்பெக்ட்ரம் கணினியில் கசெட் விளையாட்டை ஏற்றுவது எப்படி?

லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், திருகோணமலையில் எங்கள் வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறது. 1982இல் சின்கிளேர் வெளியிட்ட, ரப்பர் விசைகள் கொண்ட கணினி. ஊரடங்கு மாலைகள் பலவற்றை அதுதான் கடத்திவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள்.

அதற்குரிய அடாப்டர் 9 வோல்ட். செருகியின் நடுப்பகுதி எதிர்முனையாக (மைனஸ்) இருக்க வேண்டும். இன்று கடையில் வாங்குபவை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மல்டிமீட்டரால் பார்த்த பிறகே செருகுங்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் பின்புற இணைப்புத் தகடுகளையும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாரி காலத்து ஈரத்தில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓட்ட வேண்டாம். அது ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’டில் ஒட்டி, அடுத்துப் போடும் கசெட்டையும் கெடுக்கும்.

ரெக்கார்டரின் இயர்போன் துளையைக் கணினியின் ‘இயர்’ துளையோடு இணையுங்கள். மைக் வயர் வேண்டாம். டிவியில் யுஎச்எஃப் 36ஆம் சேனலைப் பிடியுங்கள். ‘ஜே’ விசையை ஒருமுறை தட்டினால் ‘லோட்’ என்ற கட்டளை முழுதாக வந்து விழும். சிம்பல் ஷிப்டை அழுத்தியபடி ‘பி’யை இருமுறை தட்டி, எண்டர் கொடுத்து, கசெட்டை ஓடவிடுங்கள்.

திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகத் தடித்த பட்டைகள் ஓடினால் கணினிக்குக் காது கேட்கிறது. பின்னர் நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் நடுங்கும். விளையாட்டின் பெயரும் தோன்றும். ‘டேப் லோடிங் எரர்’ என்று வந்தால் முதலில் ஒலியளவை முக்கால் பங்குக்கு ஏற்றிப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் குற்றம் ஹெட்டின் சாய்வில். ஹெட்டின் ஒரு பக்கத்தில், சுருள்வில்லின் மேல் சிறிய திருகாணி இருக்கும். அதன் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இயர்போன் துளையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, கசெட்டை ஓடவிட்டபடி திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். மந்தமாக இருந்த இரைச்சல் ஓரிடத்தில் கூர்மையாகி, பல்லைக் கூசவைக்கும். அதுதான் இடம். இதில் கண்ணை நம்பாதீர்கள், காதுக்குத்தான் தெரியும்.

48கே (48 கிலோபைட் நினைவகத்துக்கான) விளையாட்டு ஏற நான்கைந்து நிமிடமாகும். 1983இல் வந்த மேனிக் மைனரில் தொடங்குங்கள். இடையில் மின்வெட்டு வந்தால் பழையபடி முதலில் இருந்துதான்.

விளையாடி முடிந்ததும் திருகாணியைப் பழைய கோட்டுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அம்மா போடும் தேவாரக் கசெட் மூக்கடைத்த குரலில் பாடும். விசாரணை நேரே உங்களிடம்தான் வரும்.