இரும்பு அயனியின் எலக்ட்ரான் அமைப்பு: நிரப்பும் வரிசை வேறு, நீக்கும் வரிசை வேறு

இரும்பு, தாமிரம் போன்ற இடைநிலை உலோகத்தின் அயனி ஒன்றின் எலக்ட்ரான் அமைப்பைக் கேட்டால் பலரும் நேராக அயனியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். எப்போதும் நடுநிலை அணுவை முதலில் எழுதுங்கள்.

இரும்பின் அணு எண் 26. எது முதலில் நிரம்பும் என்றறிய, முதன்மைக் குவாண்டம் எண்ணோடு (கூட்டின் எண்; 4எஸ்-இல் 4) கோண உந்தக் குவாண்டம் எண்ணைக் (துணைக்கூட்டைக் குறிப்பது; எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2) கூட்டுங்கள். 4எஸ்-க்கு 4+0=4, 3டி-க்கு 3+2=5. தொகை குறைந்த 4எஸ் முந்துகிறது. தொகை சமமானால் முதன்மை எண் சிறியது முந்தும்; 3டி நிரம்பிய பிறகே 4பி வருவது அதனால்தான்.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்² 3டி⁶

மேற்குறிகளைக் கூட்டி 26 வருகிறதா என்று சரிபாருங்கள். பிறகு கடைசி இரண்டையும் இடம் மாற்றி, கூடு வாரியாக 3டி⁶ 4எஸ்² என்று எழுதுங்கள். இந்த வரியைச் சோம்பலில் விடுபவர்கள்தான் 3டி-யில் கைவைக்கிறார்கள். எலக்ட்ரான் முதலில் போவது வெளிக்கூட்டான 4எஸ்-லிருந்து. ஆக, இரும்பு 2+ அயனி 3டி⁶. 3+ அயனி 3டி⁵.

26-இல் 2 போக மீதி 24-ஐப் புதிதாக நிரப்பினால் என்ன? தவறாகிவிடும். குரோமியம் அணுவிலும் 24 எலக்ட்ரான்கள்தான். ஆனால் அதன் அமைப்பு 3டி⁵ 4எஸ்¹. இரும்பு அயனியின் கருவிலோ 26 புரோட்டான்கள். நேர்மின்சுமை கூடிய அயனியில் 3டி-யின் ஆற்றல் 4எஸ்-ஐவிடக் கீழே இறங்கிவிடுகிறது.

விடையைக் காந்தத் திருப்புத்திறனால் (அயனி எவ்வளவு வலுவான காந்தமாக நடக்கிறது என்ற அளவால்) சோதிக்கலாம். தனித்த (ஜோடி சேராத) எலக்ட்ரான்கள் n என்றால் அதன் மதிப்பு √[n(n+2)] போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு). ஐந்து டி ஆர்பிட்டால்களிலும் (ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான் வரை கொள்ளும் இடம்) ஒவ்வொன்றாக இட்ட பிறகே ஜோடி சேருங்கள். 2+ அயனியில் இந்தச் சோதனை ஏமாற்றும்: சரியான 3டி⁶, தவறான 3டி⁴ 4எஸ்² இரண்டிலும் தனித்தவை நான்கே, மதிப்பு 4.90. குட்டு உடைவது 3+ அயனியில். 3டி⁵ தருவது 5.92, தவறான 3டி³ 4எஸ்² தருவது 3.87. நீரேறிய இரும்பு 3+ உப்புகளில் அளந்தால் கிடைப்பது 5.9-ஐ ஒட்டியே.

குரோமியம் (3டி⁵ 4எஸ்¹), தாமிரம் (3டி¹⁰ 4எஸ்¹) இரண்டையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அயனிகளுக்கும் அதே வழிதான்: குரோமியம் 3+ அயனி 3டி³, தாமிரம் 2+ அயனி 3டி⁹. பாதி நிரம்பினால் நிலைப்பு என்ற காரணத்தை மட்டும் கண்ட இடமெல்லாம் நீட்டாதீர்கள். குரோமியத்தின் தொகுதியிலேயே இருக்கும் டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்².