மலையில் லிங்க் விழுந்தால் லாகிலிருந்து அலர்ட் வரவைப்பது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், தோட்டத்து ஆபீசையும் தேயிலை ஃபேக்டரியையும் இணைக்கும் ரேடியோ லிங்க் அடிக்கடி விழுந்து எழும். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை மழை அவ்வளவாகப் பாதிக்காது. காற்றில் ஆடும் சில்வர் ஓக், கனெக்டருக்குள் இறங்கும் ஈரம், கரண்ட் கட் இவைதான் காரணம். விழும்போதெல்லாம் அலர்ட் அடித்தால் இரண்டே நாளில் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள். தானாக எழாத லிங்குக்கு மட்டும் அலர்ட் போதும்.

எல்லா நெட்வொர்க் கருவிகளின் சிஸ்லாகையும் (கருவிகள் தம் நிலை பற்றி அனுப்பும் பதிவு வரிகள்) ஒரே லினக்ஸ் பெட்டிக்கு யுடிபி போர்ட் எண் 514 வழியாக அனுப்புங்கள். அதில் வரிகளைச் சேகரிக்கும் ஆர்சிஸ்லாக், அதன்மேல் அவற்றை விதிப்படி பார்த்து அலர்ட் தரும் செக் (சிம்பிள் ஈவென்ட் கோரிலேட்டர்). கருவிகளில் என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) நேரம் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது பேட்டர்ன் (லாகில் தேட வேண்டிய வரியின் வடிவம்), பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். சிஸ்கோ சுவிட்சில் போர்ட் விழுந்தாலும் எழுந்தாலும் வரும் வரியில் 'அப்டவுன்' என்ற சொல் உண்டு. பெரிய, சிறிய எழுத்து பாராமல் 'டவுன்' என்று மட்டும் தேடினால் லிங்க் எழும்போதும் அலர்ட் அடிக்கும். 'லிங்க்-3-அப்டவுன்' வரியில் 'சேஞ்சுடு ஸ்டேட் டு டவுன்' என்ற முழுத்தொடரையும் பிடித்து, வரி அங்கேயே முடிய வேண்டும் என்பதற்கு முடிவில் $ போடுங்கள். நாமே அணைத்த போர்ட்டின் லிங்க் வரியில் 'அட்மினிஸ்ட்ரேடிவ்லி' நடுவில் வருவதால் அது தானாக விலகிவிடும்; 'லைன்புரோட்டோ' வரியில் அந்தச் சொல் வராது, ஆகவே அதைத் தேடாதீர்கள். ஐபி முகவரியின் புள்ளிக்கு முன் \ வையுங்கள். வெறும் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்தும்.

ஒன்று கவனியுங்கள்: காற்றுவழி லிங்க் அறுந்தாலும், ரேடியோவுக்கு மின்சாரம் இருக்கும்வரை சுவிட்ச் போர்ட் விழாது. அதைப் பிடிக்க ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் பாதைகளைப் பகிரும் முறை) அண்டைக் கருவி 'ஃபுல்' நிலையிலிருந்து 'டவுன்' ஆன வரியைத் தேட வேண்டும்.

செக்கில் விதி வகை 'பேர்வித்விண்டோ', விண்டோ (காத்திருக்கும் நேரம்) 180 விநாடி. முதல் பேட்டர்ன் விழுந்த வரி, இரண்டாவது எழுந்த வரி. 180 விநாடிக்குள் இரண்டாவது வராவிட்டால்தான் அலர்ட். கருவிப் பெயரையும் போர்ட்டையும் அடைப்புக்குறியில் பிடித்து, இரண்டாம் பேட்டர்னிலும் விதியின் 'டெஸ்க்' (விளக்க) வரியிலும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபேக்டரி போர்ட் எழுந்ததை ஆபீஸ் போர்ட் எழுந்ததாகச் செக் எடுத்துக்கொள்ளும்.

பழைய லாகில் கிரெப் (வரி தேடும் லினக்ஸ் கட்டளை) ஓட்டி எத்தனை வரி பொருந்துகிறது என்று எண்ணிய பிறகே விதியை இயக்குங்கள்.

அறுந்த லிங்குக்கு அப்பால் இருக்கும் கருவியின் லாக் அதே லிங்கில்தான் வர வேண்டும், ஆகவே வராது. இக்கரைக் கருவியின் வரியைத்தான் நம்ப வேண்டும். அக்கரையில் லினக்ஸ் பெட்டி இருந்தால் ஆர்சிஸ்லாகின் 'இம்மார்க்' மாட்யூலை ஏற்றுங்கள். இயல்பாக 1200 விநாடிக்கு (20 நிமிடம்) ஒரு குறி வரியை லாகில் எழுதும். 25 நிமிடம் குறி வராவிட்டால் அதற்கும் ஓர் அலர்ட். அலர்ட்டை இன்டர்நெட் வழியே அனுப்பாமல், பெட்டியில் செருகிய மோடம் மூலம் எஸ்எம்எஸ் ஆக அனுப்புங்கள்.