கேமராவைத் தலையில் மாட்டும் முன்

1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு ஸ்கைடைவர் விமானத்திலிருந்து குதித்தார். அதற்கு முன் 800 தடவைக்கு மேல் குதித்தவர். ஒரு பயிற்சியாளரும் மாணவரும் குதிப்பதைப் படம்பிடிப்பதுதான் அன்று அவருடைய வேலை. படம் நன்றாகவே வந்தது. அந்த இருவரின் பாராசூட்டும் விரிவது வரை கேமரா ஓடியிருக்கிறது. தன்னுடையதைத் திறக்கக் கையை நீட்டியபோதுதான், தான் பாராசூட்டே மாட்டாமல் குதித்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் வீடியோ ரெக்கார்டர் தனியாக ஒரு பெட்டி. அதைப் பையில் வைத்து உடம்போடு கட்டிக்கொள்வார்கள். அந்தக் கனத்தையே பாராசூட்டின் கனம் என்று உடல் நம்பியிருக்கலாம் என்பது பிறகு பலரும் சொன்ன ஊகம்.

‘நானாக இருந்தால் மறப்பேனா?’ என்றுதான் யாருக்கும் தோன்றும். 800 தடவை குதித்தவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஸ்கைடைவர்கள் கூடினால் கேமரா பேச்சு பெரும்பாலும் எந்த மவுண்ட், எந்த லென்ஸ் என்று கருவியைச் சுற்றியே போகும். நான் பார்த்தவரை கேமராவோடு குதிப்பவர்களின் தவறுகளில் பாதிக்கு மேல் கருவியோடு சம்பந்தப்பட்டவையே இல்லை. மனசு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. அதனால்தான் கேமராவைப் பற்றிப் பேசும்போதே கல்யாணம், குழந்தை, பிரிவு, நீண்ட இடைவெளி இவற்றையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கவனம் ஒரே பையிலிருந்துதான் செலவாகிறது.

‘சின்னக் கேமராதானே!’

முதல் தவறு அவசரம். கேமராவோடு குதிக்க விரும்புகிறவர் குறைந்தது 200 தடவை குதித்திருக்க வேண்டும், ‘சி’ உரிமம் (‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்று ஏறும் படிகளில் மூன்றாவது) வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. முதல் உரிமத்துக்கு 25 குதிப்பு போதும் என்பதோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி புரியும். நாட்டுக்கு நாடு, மையத்துக்கு மையம் விதி கொஞ்சம் மாறும். ஆனால் கைக்கு அடக்கமான கோப்ரோ மாதிரிக் கேமராக்கள் வந்த பிறகு, ‘அந்த விதியெல்லாம் பெரிய கேமராக் காலத்துக்கு’ என்று ஒரு வாதம் கிளம்பியது. ஐம்பது குதிப்பு முடித்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். நானும் அந்த வயதில் சொன்னவன்தான்.

கேமரா சிறிதானாலும் அது கேட்கும் கவனம் சிறிதாவதில்லை. 13,000 அடியில் குதித்தால் பாராசூட் திறக்கும் வரை ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. வயிறு கீழ்நோக்க விழுகிறவரின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல். ஆயிரம் அடி கரைய ஐந்தரை நொடி. சிரிக்கும் நண்பனைக் கேமராவின் சட்டத்துக்குள் கொண்டுவர இன்னும் மூன்று நொடி என்று நினைப்பதற்குள் ஐந்நூறு அடி போய்விடும். புதியவர் அந்த நிமிடத்தில் உயரத்தைப் பார்க்க வேண்டும், மற்றவர்களோடு இடைவெளி காக்க வேண்டும், நேரம் வந்ததும் திரும்பி விலகிப் போக வேண்டும், சுற்றிலும் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். இதெல்லாம் யோசிக்காமல் கை தானாகச் செய்கிற பழக்கமாக மாறத்தான் அந்த 200.

‘நான் எதையும் படம் எடுக்கப்போவதில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்’ என்பது அடுத்த சமாதானம். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று விமானத்தின் கதவருகில் பக்கத்து ஆளிடம் கேட்பவர் இதைச் சொன்னால் சிரிப்புதான் வரும். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது, மார்புப் பட்டை சரியாகக் கோக்கப்பட்டிருக்கிறதா, கைப்பிடிகள் இடத்தில் இருக்கின்றனவா என்பதை. பதிவை முன்பே தொடங்கிவிடுங்கள். மெமரி கார்டில் ஐந்து நிமிடம் வீணானால் என்ன குறைந்துபோகும்?

தலையில் ஒரு கொக்கி

ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பாராசூட் கயிற்றுக்குக் கொக்கிதான். பாராசூட் ஒழுங்காக விரியும்போது கயிறுகள் தலையைத் தொடாமல் மேலே போய்விடும். உடல் சாய்ந்திருந்தாலோ, சுழன்றுகொண்டிருந்தாலோ, பிரதான பாராசூட் கோளாறாகி, ரிசர்வ் என்னும் மாற்றுப் பாராசூட்டைத் திறக்க நேர்ந்தாலோ அவை எங்கே வீசும் என்று சொல்ல முடியாது. உச்சந்தலையில் உயரமான தாங்கியில் கேமராவை நிறுத்துவது படத்துக்கு நல்ல கோணம். கயிறு மாட்டவும் நல்ல இடம். ஹெல்மெட்டின் வளைவோடு ஒட்டி, இடுக்கு எதுவும் இல்லாமல் பொருத்துவதே சரி. திருகின் நீண்ட வாலைக்கூட வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்யாதீர்கள்.

கயிறு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்குக் கேமரா ஹெல்மெட்டிலேயே ஒரு வழி இருக்கும். ஒரு கையால் இழுத்தால் ஹெல்மெட் தலையிலிருந்து மொத்தமாகக் கழன்றுவிடும். பலரும் அது இருக்கிற ஹெல்மெட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு ஒரு தடவைகூட இழுத்துப் பார்ப்பதில்லை. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் தனித்தனியாகத் தரையிலேயே பழக வேண்டும். இன்னொன்றையும் தரையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: அந்தக் கேமரா போனால் போகட்டும். விலை உயர்ந்த கருவி தலையில் இருக்கும்போது அதைக் கழற்றி எறிய மனசு தயங்கும். தயக்கத்தின் ஒவ்வொரு நொடிக்கும் உயரம் குறைகிறது.

கழுத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. கேமராவும் லென்ஸும் சேர்ந்த ஹெல்மெட்டோடு பாராசூட் படாரென்று விரிந்தால், அந்த உலுக்கலைக் கழுத்தெலும்புதான் தாங்க வேண்டும். திறக்கும் நொடியில் அண்ணாந்து பார்ப்பதும் பக்கவாட்டில் திரும்பி நண்பனைப் படம்பிடிப்பதும்தான் வழக்கமான தவறு. தலை நேராக, பார்வை தொடுவானத்தில். அதோடு, மெதுவாக விரியும் கேனபியை (பாராசூட்டின் விரியும் துணியை) தேர்ந்தெடுத்து, அதைக் கவனமாக மடித்து வைப்பதும் கேமரா வேலையின் பகுதியே.

சொந்தமாகத் தைத்து, ஒட்டி, மாற்றியமைக்கும் ஆர்வம் இந்த விளையாட்டில் நிறையப் பேருக்கு உண்டு. கேமரா தாங்கி அளவில் அது நல்ல பொழுதுபோக்கு. பாராசூட் பையில் கைவைத்தால் வேறு கதை. கைகால்களுக்கிடையே இறக்கைபோல் துணி வைத்த விங்சூட் உடையை உலகறியச் செய்த பிரெஞ்சு வீரர் பாட்ரிக் டி கயார்தோன் 1998இல் ஹவாயில் இறந்தார். தன் விங்சூட்டுக்கு ஏற்பப் பாராசூட் பையில் அவர் செய்திருந்த ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழைதான் காரணம். அவருக்குத் தெரியாத தொழில்நுட்பம் என்று எதுவும் இல்லை. தான் செய்த வேலையைத் தானே பரிசோதிப்பவருக்கு அதில் உள்ள பிழை கண்ணில் படாமல் போகலாம். அதற்காகவே பாராசூட்டைப் பரிசோதித்துச் சரிபார்க்கும் உரிமம் பெற்ற ரிக்கர்கள் இருக்கிறார்கள்.

படத்துக்காக விழுவது

டேண்டம் குதிப்பை, அதாவது பயிற்சியாளரும் வந்தவரும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரே பாராசூட்டில் குதிப்பதை, படம்பிடிக்கும்போது ஒரு மாயத்தோற்றம் உண்டு. அவர்கள் பாராசூட் விரிந்ததும் சட்டத்திலிருந்து மேலே பறந்து போவதுபோலத் தெரியும். உண்மையில் அவர்கள் வேகம்தான் குறைகிறது. விழுந்துகொண்டே இருப்பது கேமராக்காரர். அந்தக் காட்சி மிக அழகாக இருக்கும் என்பதால் அதற்கு நேர் கீழே போய் நிற்க ஆசை வரும். நேர் கீழேயும் நிற்கக் கூடாது, நேர் மேலேயும் நிற்கக் கூடாது. மேலே நின்றால் அவர்கள் முதுகுப்பக்கம் உண்டாகும் காற்றுக் குழிவு உங்களை அவர்கள்மேலேயே விழவைக்கும். அவர்கள் டேண்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன பாராசூட்டோடு விழுகிறவர்கள். அதில் சிக்கினால் மூன்று உயிர்களின் கதை.

உயரத்தைக் காதுக்குள் ஒலித்துச் சொல்லும் ஆல்டிமீட்டரை மட்டும் நம்புவது இன்னொரு பழக்கம். காற்றின் இரைச்சலில் அது கேட்காமல் போகும், பேட்டரி தீரும், சில சமயம் கேட்டும் மனசில் பதியாது. மணிக்கட்டில் இருப்பதையும் பாருங்கள். தானாக ரிசர்வைத் திறக்கும் கருவி இருக்கிறதே என்பீர்கள். 1991இல் அறிமுகமான சைப்ரஸ் கருவியின் வழக்கமான மாதிரி சுமார் 750 அடி உயரத்தில்தான் வேலை செய்யும். அந்த வேகத்தில் அங்கிருந்து தரைக்கு நான்கு நொடிதான். அதைத் திட்டத்தில் சேர்ப்பது, தீயணைப்பு வண்டி வரும் என்று அடுப்பை எரியவிட்டுப் போவது மாதிரி.

போட்டியில் குதிப்பவர்களுக்குப் படத்தின் அழுத்தம் வேறு மாதிரி. நான்கு பேர் கூட்டு வடிவப் போட்டியில் அணி உண்மையில் ஐந்து பேர், ஐந்தாமவர் கேமராக்காரர். 35 நொடிக்குள் எத்தனை வடிவம் முடித்தார்கள் என்பதை நடுவர்கள் அவருடைய வீடியோவைப் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். பிடி தெரியாவிட்டால் புள்ளி இல்லை. அப்படிப்பட்டவர்கள் வருடக்கணக்கில் பழகியவர்கள் என்பதை மறந்து, வார இறுதியில் குதிக்கிறவரும் அந்த நெருக்கத்துக்கு ஆசைப்படும்போதுதான் மோதல் நடக்கிறது.

குதிப்புக்கு ஒரு புதுசு

ஸ்கைடைவிங்கில் பழைய ஆட்கள் ஓயாமல் சொல்லும் ஒரு விதி: ஒரு குதிப்பில் ஒரு புதுசு போதும். புதுக் கேனபி என்றால் கேமரா வேண்டாம். புது ஹெல்மெட் என்றால் புது ஆட்களோடு வேண்டாம். விங்சூட்டுக்கும் குறைந்தபட்சம் 200 குதிப்புதான் என்பதால், 201ஆவது குதிப்புக்கே விங்சூட்டும் கேமராவும் சேர்ந்து வாங்கிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அந்த உற்சாகத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கேமராவை அலமாரியில் வைக்கச் சொல்வேன்.

இந்த விதியில் வாழ்க்கையை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் என் குறை. விவாகரத்து வழக்கு நடக்கும் மாதம் ஒரு புதுசு. பிறந்த குழந்தையோடு மூன்று வாரம் தூங்காமல் இருப்பது ஒரு புதுசு. வேலை போனது, அப்பா இறந்தது, காலையில் வீட்டில் சண்டை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தது எல்லாமே. வானத்தில் இறங்கினால் மனசு லேசாகும் என்பது உண்மை. அதற்காகவே பலரும் கஷ்டமான காலத்தில் அதிகம் குதிக்கிறார்கள். குதியுங்கள். அன்றைக்குக் கேமரா வேண்டாம், பெரிய கூட்டத்தோடு வேண்டாம், பழகிய இரண்டு பேரோடு எளிமையாகப் போய்வாருங்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அவர்களில் ஒருவரிடமாவது ‘இன்னைக்கு மனசு சரியில்ல’ என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பட்டைகளை இரண்டாவது தடவை பார்ப்பார்.

மனைவியின் அல்லது கணவரின் முதல் டேண்டம் குதிப்பைத் தானே படம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் ஆபத்தானது. அதில் அனுபவக் குறைவும் பாசமும் ஒரே குதிப்பில் சேர்கின்றன. பிரியமானவர் முகம் சட்டத்துக்குள் இருக்கும்போது ஆல்டிமீட்டரை யார் பார்ப்பது? அந்த வேலையைத் தினமும் செய்கிறவரிடம் விட்டுவிட்டு, தரையில் நின்று இறங்கும்போது படம் எடுங்கள். நடுவானில் மோதிரம் நீட்டித் திருமணத்துக்குக் கேட்கும் திட்டம் இருந்தால், மோதிரம் தரையில் ஒரு நண்பரிடம் இருக்கட்டும். பதிலையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பம் தெரிந்தால் குதிப்பதை நிறுத்திவிட வேண்டும். பிறகு எப்போது திரும்புவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி விலகும் தோள்பட்டை உள்ளவர்கள் அதைப் பயிற்சியாளரிடம் மறைக்கவே கூடாது. காற்றில் தோள் விலகினால் அந்தக் கை கைப்பிடிக்குத் திரும்பாது. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால், பின்னால் அதன் பலனை அனுபவிப்பது நீங்கள் இல்லை, உங்கள் குடும்பம்.

எடையைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. கணக்காகச் சொல்லிவிடுகிறேன். உடல், உடை, பாராசூட் பை, கேமரா எல்லாம் சேர்ந்து 180 பவுண்டு இருந்தபோது 170 சதுர அடி கேனபியில் சதுர அடிக்கு 1.06 பவுண்டு சுமை. கல்யாணத்துக்குப் பிறகு 20 பவுண்டு கூடியிருந்தால் அதே கேனபியில் 1.18. அதே பாராசூட்தான், ஆனால் இன்னும் வேகமாக இறங்கும், திருப்பத்தில் இன்னும் சடாரென்று தாழும். தரைக்கு அருகில் பழைய பழக்கத்தில் ஒரு திருப்பம் போட்டால் போதும்.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்கு அமெரிக்க பாராசூட் சங்கத்தின் அளவுகோல் எளிது: ‘ஏ’ உரிமக்காரர் 60 நாள், ‘பி’ 90 நாள், ‘சி’, ‘டி’ ஆறு மாதம். அதற்கு மேல் போயிருந்தால் பயிற்சியாளரோடு புதுப்பித்துக்கொண்டுதான் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வருகிறவரின் மனசு பழைய வீடியோவில் இருக்கும். உடம்பு இன்றைய தேதியில் இருக்கும். ரிசர்வை மறுபடி மடித்துத் தர வேண்டிய காலம் தாண்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, இரண்டு பொழுதுபோக்கு வைத்திருக்கும் புதுமணத் தம்பதிகளுக்கு ஒன்று. கடலோரத்தில் ஒரு வாரம்; நாளைக்கு ஸ்கூபா, மறுநாள் காலை ஸ்கைடைவிங் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும். அது முழுசாக வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் சோடா மூடியைத் திறந்தது போலக் குமிழியாகும். எந்த ஸ்கூபா முங்கலுக்குப் பிறகும் 8,000 அடிக்கு மேல் போக 24 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டல். குதிக்கும் விமானம் 13,000 அடி போகிறது, அதில் அழுத்தம் காக்கும் அறையும் கிடையாது. வாரத்தின் முதல் நாட்களில் வானத்தையும் அதற்குப் பிறகு கடலையும் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே போட வேண்டாம்.