மைக்கில் உதடு சுரீரென்றால்

பாடுபவர் மைக்கில் உதடு பட்டதும் துள்ளிப் பின்வாங்கினால், மைக்கைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைந்தால் பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் மைக்செட் தொழிலில் இன்னும் இருக்கிறது. இரைச்சல் நின்றுவிடும், உயிருக்கான காவலும் அதோடு போய்விடும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

இரைச்சலுக்கு மருந்து, கிட்டார் போன்ற கருவிகளை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும். மின் இணைப்பின் எர்த்தைத் தொடாது.

நிகழ்ச்சிக்கு முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையை கிட்டார் கம்பியிலும் வையுங்கள். வலையில் பெயின்ட் இருந்தால் சற்று அழுத்தித் தேய்க்க வேண்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கோளாறு தெரியும்வரை யாரும் மைக் பிடிக்கக் கூடாது. விழாக் குழுவினர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

மேடைக்கு வரும் கரண்ட் முழுவதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்ததும் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகவே வரட்டும். “எம்சிபிதான் இருக்கிறதே” என்பார்கள். அளவுக்கு மீறிய கரண்ட் பாய்ந்தால் மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் அது; ஒயரைக் காப்பது, ஆளை அல்ல. ஜெனரேட்டர் என்றால், அதன் நியூட்ரலை எர்த்துடன் எலக்ட்ரீஷியன் முறையாக இணைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆர்சிசிபி இருந்தும் கரண்ட்டைத் துண்டிக்காமல் போகலாம்.

நீள ஒயரைச் சுருளாகவே விட்டு ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள். சூடு வெளியேற வழியின்றி உறை இளகிவிடும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.